பனியைத் திட்டாதீர்கள், நாற்காலியைக் கேளுங்கள்



இரண்டு நாளாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவிகள் குழுவிலும் ஒரே வீடியோதான் சுற்றுகிறது. அமெரிக்காவில் கால்வெஸ்டன் துறைமுகம். மூடுபனியால் சொகுசுக் கப்பல் கிளம்பவில்லை. காத்திருந்த ஒருவர், கவுண்டரில் நிற்கும் சின்னப் பெண்ணைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறார். அந்தப் பெண் "சாரி சார், சாரி சார்" என்று மட்டும் சொல்கிறாள். அதற்குக் கீழே நம் ஆட்கள் சிரிப்பு பொம்மையும் கைதட்டும் பொம்மையும் போட்டிருக்கிறார்கள். "செம" என்று ஒருத்தி. "பனிக்குப் பயப்படுற கப்பலை எதுக்குக் கடல்ல விடணும்" என்று என் தம்பி மகன். "மிஸ், ரேடார், ஜிபிஎஸ் எல்லாம் இருக்கிற காலத்துல இது டூ மச் இல்லையா?" என்று என்னையே டேக் செய்து கேட்டிருக்கிறாள் ஒரு மாணவி.

பிப்ரவரியில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் அதே துறைமுகத்தில் அதே மாதிரி மாட்டிக்கொண்டோம் என்பதால், நானும் அந்த ஆளோடு சேர்ந்து கத்துவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. கத்தத்தான் போகிறேன். ஆனால் யாரைப் பார்த்து என்பதில்தான் உங்களுக்கும் எனக்கும் வேறுபாடு. பதிவு நீளம். முப்பத்திரண்டு வருஷம் புவியியல் நடத்தியவளிடம் பனியைப் பற்றிக் கேட்டால் நான்கு வரியில் முடியுமா?

முதலில் பனி. கொடைக்கானலில் பார்க்கும் பனியையும், மார்கழிக் காலையில் நெடுஞ்சாலையில் பார்க்கும் பனியையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் பேசுகிறீர்கள். மார்கழிப் பனி தரைப்பனி. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து உண்டாவது. வெயில் ஏறினால் எட்டு, ஒன்பது மணிக்குக் காணாமல் போய்விடும். கால்வெஸ்டனில் குளிர்காலத்தில் வருவது கடற்பனி. மெக்சிகோ வளைகுடாவின் நடுப்பகுதியிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று கரையை நோக்கி வருகிறது. கரையோரத் தண்ணீரோ ஆழமில்லாதது, குளிரில் சில்லிட்டுக் கிடக்கிறது. அந்தக் காற்று அதன்மேல் படும்போது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வியர்க்கிற மாதிரி, காற்றே வியர்த்துப் பனியாகிறது. இதற்கு இரவும் வேண்டாம், அசையாத காற்றும் வேண்டாம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் இருக்கும். காற்று அடித்தாலும் இருக்கும், பின்னால் இன்னும் ஈரக்காற்று வந்துகொண்டே இருப்பதால். வடக்கிலிருந்து உலர்ந்த குளிர்காற்று வந்து தள்ளினால்தான் விலகும். அது சாயங்காலமே வரலாம், மூன்று நாள் கழித்தும் வரலாம். "இன்னும் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும்" என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து, நிறுத்துவது யார். கேப்டன் மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. அந்தத் துறைமுகத்தின் வாய்க்கால், மணல்திட்டு, நீரோட்டம் எல்லாவற்றையும் உள்ளங்கை ரேகை மாதிரி தெரிந்த உள்ளூர்ப் பைலட்டுகள் இருக்கிறார்கள். வெளியே கடலுக்குள் சிறு படகில் போய், ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்று ஏணியில் ஏறி, கப்பலை உள்ளே கொண்டுவருவது அவர்கள்தான். வெளியே கொண்டுபோய் விடுவதும் அவர்கள்தான். பார்வைத் தூரம் ஒரு அளவுக்குக் கீழே போனால் அவர்கள் ஏறுவதை நிறுத்திவிடுவார்கள். அத்தோடு எல்லாக் கப்பலும் நின்றுவிடும். ஏனென்றால் கால்வெஸ்டனின் வாசல் சொகுசுக் கப்பலுக்கு மட்டுமான வாசல் அல்ல. ஹூஸ்டனுக்கும் டெக்சஸ் சிட்டிக்கும் போகிற எண்ணெய்க் கப்பல், ரசாயனக் கப்பல், சரக்குக் கப்பல் எல்லாம் இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே உள்ள அதே வழியாகத்தான் நுழைய வேண்டும். குறுக்கே கார்களை ஏற்றிக்கொண்டு போகும் படகும் ஓடுகிறது.

"மெதுவாகப் போகலாமே" என்றாள் என் நாத்தனார். மெதுவாகப் போனால் கப்பல் திரும்பாது, அண்ணி. சுக்கானில் தண்ணீர் வேகமாக மோதினால்தான் கப்பல் சொன்ன பேச்சு கேட்கும். ஆயிரம் அடி நீளம், பதினைந்து மாடி உயரம், அதன்மேல் காற்று பாய்மரத்தில் அடிப்பது போல அடிக்கும். பிரேக் என்று ஒன்று கிடையாது. அதில் நாலாயிரம் பேர்.

இப்போது ரேடார். 1956 ஜூலை 25 இரவு. நியூயார்க்கை நோக்கி வந்துகொண்டிருந்த இத்தாலியக் கப்பல் ஆண்ட்ரியா டோரியா. நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஸ்வீடன் கப்பல் ஸ்டாக்ஹோம். இரண்டிலும் ரேடார் இருந்தது. இரண்டு கப்பல்காரர்களும் ரேடாரில் மற்றவரைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே வந்து மோதினார்கள். ஒருவர் இடப்பக்கமாகக் கடப்போம் என்று கணக்குப் போட, மற்றவர் வலப்பக்கமாகக் கடப்போம் என்று கணக்குப் போட, நடுவில் பனி. ஆண்ட்ரியா டோரியா நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்று பனிக்குள்ளும் வேகத்தைப் பேருக்குத்தான் குறைத்திருந்தது. 51 பேர் செத்தார்கள். ரேடார் ஒரு புள்ளியைக் காட்டும். அந்தப் புள்ளி அடுத்து என்ன நினைக்கிறது என்பதைக் காட்டாது.

பழைய கதை என்பீர்கள். சரி, 2007 நவம்பர் 7. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா. கோஸ்கோ பூசான் என்ற சரக்குக் கப்பல் ஓக்லாந்து துறைமுகத்திலிருந்து காலையில் அடர்ந்த பனியில் கிளம்பியது. ரேடார் இருந்தது, மின்னணு வரைபடம் இருந்தது, அனுபவமுள்ள பைலட் இருந்தார். நேராகப் போய் பே பிரிட்ஜ் தூணின் காப்பு அரணில் உரசியது. பக்கவாட்டில் கிழிந்து 53,000 காலனுக்கு மேல் எண்ணெய் கொட்டியது. ஆயிரக்கணக்கில் பறவைகள் செத்தன. அந்தப் பைலட் பத்து மாதம் சிறைக்குப் போனார். அவர் கிளம்பாமல் கரையிலேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். கப்பல் கம்பெனி முணுமுணுத்திருக்கும். அவ்வளவுதான்.

1914 மே 29 கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் எம்ப்ரெஸ் ஆஃப் அயர்லாந்து கதை இன்னும் மோசம். பைலட்டை இறக்கிவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும் பனி இறங்கியது, எதிரே வந்த நிலக்கரிக் கப்பல் இடித்தது. 14 நிமிடத்தில் மூழ்கியது. ஆயிரத்துக்கு மேல் சாவு. டைட்டானிக்கைத் தெரிந்த நமக்கு இதைத் தெரியாது, யாரும் இதைக் காதல் படமாக எடுக்கவில்லை.

ஆகவே, "போகாதே" என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் இருக்கிறதே, அது நமக்குக் கிடைத்த வரம். நம்மூரில் மழை விடுமுறை விட்ட கலெக்டர் படும் பாடு உங்களுக்குத் தெரியும். விடுமுறை விட்டு வெயில் அடித்தால் மீம்ஸ் போடுவோம். விடாமல் மழை கொட்டினாலும் மீம்ஸ் போடுவோம். நிறுத்துகிறவனைக் கேலி செய்து கேலி செய்து, ஒருநாள் அவன் "எதற்கு வம்பு, போகட்டும்" என்று சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். என் தம்பி மகனுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமா? மன்னார்குடிப் பெரியப்பா அதைத்தான் எழுதியிருக்கிறார்: "இயற்கையை யார் என்ன செய்ய முடியும், எல்லாம் விதி." பெரியப்பா மன்னிக்க வேண்டும், இங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறுகிறது. கம்பெனிக்காரனும் அதே வார்த்தையைத்தான் சொன்னான். இயற்கை!

எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். ஐந்து நாள் பயணம், மெக்சிகோவில் கொசுமெல், புரோக்ரெசோ இரண்டு ஊர். மகள் பேர்லாந்தில் இருக்கிறாள், அங்கிருந்து துறைமுகம் ஒரு மணி நேரம்கூட இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஏற வேண்டும், நாலு மணிக்குக் கப்பல் கிளம்ப வேண்டும். காலை ஏழு மணிக்குக் கம்பெனியிடமிருந்து மெசேஜ்: பனியால் சிறு தாமதம் இருக்கலாம், குறித்த நேரத்துக்கே வரவும். மகள் போனில் கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலி வைத்திருக்கிறாள். பார்த்தால், நாங்கள் ஏற வேண்டிய கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே வரவில்லை. வெளியே கடலில் நிற்கிறது, போன பயணத்துக்காரர்களையும் சுமந்துகொண்டு.

பதினொரு மணிக்கும் அங்கேயே நிற்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் கணக்குத் தெரியும். அது உள்ளே வர வேண்டும், உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான பேர் பெட்டியோடு இறங்கிக் குடியேற்றச் சோதனை முடிக்க வேண்டும், அறைகளைச் சுத்தம் செய்ய வேண்டும், காய்கறி, தண்ணீர், துணி எல்லாம் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் நாங்கள். அந்த நிமிடமே பனி விலகினால்கூட மாலைக்கு முன்னால் ஏற வழியே இல்லை. எங்களுக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரியாதா? தெரிந்தும் எல்லோரையும் பன்னிரண்டு மணிக்கே வரவழைத்தார்கள். வீட்டில் இருக்கிறவன் ரத்து செய்ய யோசிப்பான், பெட்டியைப் போர்ட்டரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவன் யோசிக்க மாட்டான் என்ற எண்ணமோ என்று எனக்குச் சந்தேகம். சந்தேகம்தான், நிரூபிக்க முடியாது.

ஏழு மணி நேரம் அந்தக் கூடத்தில். இருந்த நாற்காலியைப் போல நாலு மடங்கு கூட்டம். ஒக்லஹோமாவிலிருந்து விடிவதற்கு முன்னே காரில் கிளம்பி வந்த ஒரு பாட்டி, எண்பதைத் தாண்டியவர், தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பேரன் சட்டையை மடித்து முதுகுக்குக் கொடுத்தான். எங்கள் வீட்டுக்காரருக்கு இன்சுலின். கைப்பையில் ஐஸ் பையோடு வைத்திருந்தேன், மூன்று மணிக்கெல்லாம் ஐஸ் தண்ணீராகிவிட்டது. குளிர்பெட்டியில் வைத்துத் தருவீர்களா என்று கேட்டால், அதற்கு அனுமதி இல்லையாம். சாப்பாடு? கப்பலுக்குள் போனதும் நிறைய இருக்கிறதாம். சுவரோரம் ஒரு சிப்ஸ் மெஷின். அதிலும் மத்தியானத்துக்கு மேல் சிப்ஸ் இல்லை. ஒலிபெருக்கியில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, "விரைவில் தகவல் தருவோம்." கடற்பனி எப்போது விலகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று மேலே எழுதினேன் அல்லவா? அதையே நேர்மையாகச் சொல்லியிருக்கலாம். "எங்களுக்குத் தெரியாது, இன்றைக்கு நடக்காமல் போகலாம், வீடு பக்கத்தில் இருப்பவர்கள் போய் வாருங்கள்" என்ற மூன்று வாக்கியம் காலை பத்து மணிக்குச் சொல்ல முடியாதா? இரவு ஏழு மணிக்குச் சொன்னார்கள்: இன்று இல்லை, நாளை வாருங்கள், தங்குமிடம் உங்கள் பொறுப்பு. அந்தப் பாட்டியும் பேரனும் சீவால் ரோட்டில் ஹோட்டல் தேடிப் போனார்கள்.

பனி இயற்கைதான். நாற்காலி இல்லாதது இயற்கையா? குடிக்கத் தண்ணீர் வைக்காதது இயற்கையா? தெரிந்த உண்மையைப் பத்து மணி நேரம் அமுக்கி வைத்தது எந்த அட்சரேகையில் வீசும் காற்று?

மறுநாள் வடகாற்று வந்தது, பனி போயிற்று, சாயங்காலம் கிளம்பினோம். ஐந்து நாள் நாலு நாளாயிற்று. புரோக்ரெசோ ரத்து. கொசுமெலை மட்டும் விடவில்லை. அது எங்கள்மேல் உள்ள பாசத்தால் அல்ல. வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் அமெரிக்காவில் ஆள் ஏற்றி அமெரிக்காவிலேயே கொண்டுவந்து இறக்க வேண்டுமானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும் என்று 1886-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. போகாத நாளுக்கு ஈடாக, கப்பலில் செலவழித்துக்கொள்ள என்று ஒரு தொகையைக் கணக்கில் வைத்தார்கள். பணமாகத் தர மாட்டார்கள். நம்மூர்ப் பெட்டிக்கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பார்களே, அதே வியாபாரம். நான் அதில் ஒரு தொப்பி வாங்கினேன். தொப்பி நன்றாகத்தான் இருக்கிறது.

"டிக்கெட் வாங்கும்போது ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டீர்கள்" என்பார்கள். உண்மை. கிளம்பும் நேரத்தையும் போகும் ஊர்களையும் மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கும். நானும் அதை ஒத்துக்கொள்கிறேன், பாதுகாப்புக்காக மாற்றட்டும். காத்திருப்பவனைப் பட்டினி போட உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறதா?

ஐரோப்பாவில் என்ன செய்திருக்கிறார்கள் பாருங்கள். 1177/2010 என்ற எண்ணுள்ள ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். அங்குள்ள துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல் தாமதமானால், கிளம்ப வேண்டிய நேரம் தாண்டி 30 நிமிடத்துக்குள் நிலைமையைச் சொல்ல வேண்டும். 90 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்று தெரிந்தால், காத்திருக்கும் நேரத்துக்குத் தக்கபடி இலவசமாகச் சாப்பாடோ சிற்றுண்டியோ தர வேண்டும். இது சொகுசுக் கப்பல் பயணிகளுக்கும் உண்டு. வானிலையால் தாமதம் என்றால் இரவுத் தங்கல் செலவு கம்பெனியின் தலையில் விழாது என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது. நியாயம்தானே? பனிக்குக் கம்பெனி பொறுப்பில்லை, பசிக்குப் பொறுப்பு உண்டு.

அமெரிக்காவில் கப்பல் கம்பெனிகளின் சங்கம் 2013-இல் பயணிகள் உரிமைப் பட்டியல் என்று ஒன்றை வெளியிட்டது. அது கம்பெனிகள் தாங்களாகவே கொடுத்த வாக்குறுதி. பணம் திருப்பித் தருவது பற்றிய பகுதியெல்லாம் இயந்திரக் கோளாறு வந்தால்தான். பனியில் கரையில் நிற்கிறவன் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. இத்தனைக்கும் கால்வெஸ்டனில் பனி என்பது எதிர்பாராத விபத்து அல்ல. டிசம்பரிலிருந்து மார்ச்வரை வருஷா வருஷம் வருகிறது. வருஷா வருஷம் வருகிற விருந்தாளிக்கு ஒரு பாய் வாங்கி வைக்காத வீட்டை என்ன சொல்வீர்கள்?

அந்த வீடியோவுக்கு வருகிறேன். கவுண்டரில் நின்ற அந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் கூடத்தில் நின்ற பெண் காலை ஆறு மணிக்கு வந்தவள், எங்களைப் போலவே அவளும் சாப்பிடவில்லை, அவளுக்கு உட்காரவும் அனுமதி இல்லை. அவளைக் கத்தினால் கம்பெனிக்கு லாபம். நம் கோபம் முழுக்க அந்த இருபது வயதுப் பெண்ணோடு தீர்ந்துபோகும், மேலே ஒரு காகிதமும் போகாது. என் மாணவிகள் யாராவது அதற்குக் கைதட்டியிருந்தால், தயவுசெய்து அந்தப் பொம்மையை எடுத்துவிடுங்கள். யார் யார் போட்டீர்கள் என்று பார்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போகப் போகிறவர்கள் நாலைந்து பேர் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறீர்கள், போகலாமா என்று. தாராளமாகப் போங்கள், கப்பல் அருமை. ஆனால் மருந்து மாத்திரையைப் பயண நாளைவிட மூன்று நாள் கூடுதலாக எடுத்துக் கைப்பையிலேயே வையுங்கள், போர்ட்டரிடம் போகும் பெட்டியில் வேண்டாம். கப்பல் திரும்பி வரும் அன்றைக்கே விமானம் போடாதீர்கள். வெளியே பனியில் நின்ற கப்பலுக்குள் இருந்தவர்களில் எத்தனையோ பேர் அன்று விமானத்தைத் தவறவிட்டார்கள். உள்ளே சாப்பாடும் படுக்கையும் கிடைத்தது, ஆனால் ஊர் போய்ச் சேர முடியவில்லை. கம்பெனி சொல்வதை மட்டும் நம்பாமல் கப்பல் எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். கடலிலேயே நின்றால் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்புங்கள், ஆனால் ஏறும் நேரம் மாறியதற்கான மெசேஜ் வந்த பிறகு. காப்பீடு எடுத்தால் எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பணம் தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். ஹோட்டல் ரசீது, சாப்பாட்டு ரசீது எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு போவதைப் பற்றி என் மகள் முகம் சுளித்தாள், அன்று நாலு மணிக்கு முதல் ஆளாக டப்பாவைத் திறந்தவள் ஒக்லஹோமாப் பாட்டியின் பேத்தி, அடுத்தது எங்கள் வீட்டுக்காரர்.

நான் ஊருக்கு வந்ததும் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பனிக்குக் கப்பலை நிறுத்தியதற்கு முதல் பத்தியில் நன்றி சொல்லியிருக்கிறேன். இரண்டாவது பத்தியில் நாற்காலி, தண்ணீர், சாப்பாடு, மருந்துக்குக் குளிர்பெட்டி, மணிக்கு ஒரு உண்மையான தகவல் என்று ஐந்தும் கேட்டிருக்கிறேன். பதிலாக, அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி என்று ஒரு விளம்பரம் வந்தது. மறுபடி எழுதியிருக்கிறேன். அமெரிக்காவில் குடியுரிமையோடு இருக்கும் பிள்ளைகள் உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினருக்கு இதையே உங்கள் பெயரில் எழுதலாம். அங்கே ஓட்டு உள்ளவர் எழுதினால் படிப்பார்கள். கடிதத்தின் நகல் ஆங்கிலத்தில் என்னிடம் இருக்கிறது, வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள். இலக்கணத் திருத்தம் செய்து அனுப்ப வேண்டாம், ஆங்கில டீச்சர் விசாலம் ஏற்கெனவே பார்த்துவிட்டாள்.